லென்ஸ் முன்னாடி யூவி ஃபில்டர் மாட்டணுமா வேணாமா? புதுசா கேமரா வாங்கினவங்களுக்கு

புதுசா கேமரா வாங்கப் போனா பில் போடுற நேரத்துல கடைக்காரர் கண்டிப்பா ஒண்ணு கேப்பாரு, "சார் யூவி ஃபில்டரும் சேத்துப் போட்டுடவா, லென்ஸுக்கு சேஃப்டி". யூவி ஃபில்டர்னா லென்ஸ் முன்னாடி திருகி மாட்டற ஒரு தட்டைக் கண்ணாடி, புற ஊதாக் கதிரை (யூவி) தடுக்கறதுக்குன்னு வந்தது. அம்பதாயிரம் குடுத்தாச்சு, இந்த முன்னூறு ரூபாய்க்குப் போய் யோசிப்பானேன்னு நாமளும் தலையாட்டிடுவோம். அப்புறம் வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா அது வேஸ்ட்டுன்னு ஒரு கூட்டம், அது இல்லாம கேமராவ வெளியவே எடுக்கக் கூடாதுன்னு இன்னொரு கூட்டம், வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டு இருக்காங்க. ரெண்டு பக்கமும் பாதிப் பாதி உண்மை இருக்கு. என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன்: ஃபில்டர் அழுக்குக்கும் தண்ணிக்கும் மண்ணுக்கும் நல்லா உதவும், கீழ விழறதுக்குப் பெருசா உதவாது, சில இடத்துல படத்தயே கெடுக்கும். அதனால இடம் பாத்து மாட்டணும், இடம் பாத்துக் கழட்டணும். அதை எப்படி முடிவு பண்றது, எதை வாங்கறது, வாங்கினது நல்லதான்னு வீட்லயே எப்படிப் பாக்கறதுன்னு வரிசையா போவோம்.

ஸ்டெப் 1: யூவிங்கற பேரை நம்பி வாங்காதீங்க

ஃபிலிம் காலத்துல இதுக்கு நிஜமாவே ஒரு வேலை இருந்துச்சு. ஃபிலிம்ல இருக்கற நீல லேயர் நம்ம கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரயும் புடிச்சுக்கும், அதனால மலை மேல போய் தூரத்துக் காட்சி எடுத்தா படம் நீலம் பாஞ்சு மங்கலா வரும், உயரம் ஏற ஏற யூவி ஜாஸ்தி ஆகறதால தொட்டபெட்டா மாதிரி 2,600 மீட்டருக்கு மேல இருக்கற இடத்துல இன்னும் நல்லாவே தெரியும். அந்த மங்கலைக் குறைக்கத்தான் யூவி ஃபில்டர் வந்துச்சு. இன்னைக்கும் பழைய யாஷிகாவோ நிக்கானோ வச்சு கலர் ஃபிலிம் ஓட்டறவங்க இருந்தா ஊட்டி கொடைக்கானல் போறப்ப மாட்டிக்கலாம், அர்த்தம் இருக்கு.

டிஜிட்டல் கேமராவுல சென்சாருக்கு முன்னாடியே யூவியையும் இன்ஃப்ராரெட்டையும் தடுக்கற கண்ணாடிய கம்பெனியே வச்சுதான் அனுப்பறான். லென்ஸ்ல இருக்கற கண்ணாடிகளும் ஒரு பங்கைத் தடுத்துடும். ஆக வெளிய இன்னொரு யூவி ஃபில்டர் மாட்டறதால கலரோ தெளிவோ கூடாது. "சார் இது போட்டா மலை மேல மிஸ்ட் எல்லாம் க்ளியரா வரும்"னு யாராச்சும் சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. தூரத்து மலை நீலமா மங்கித் தெரியறதுல நீங்க டிஜிட்டல்ல பாக்கறது கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே காத்துல சிதறி வர்றது, அதுக்கு சிபிஎல் ஃபில்டர் (எதிரொளியையும் சிதறின வெளிச்சத்தையும் குறைக்கற போலரைசர்) ஓரளவு உதவும், மிச்சத்தை எடிட்டிங்ல மங்கலை எடுக்கற டீஹேஸ் ஸ்லைடர் பாத்துக்கும், யூவி ஃபில்டருக்கு அங்க ஒரு வேலையும் கிடையாது.

அப்போ மிச்சம் இருக்கறது பாதுகாப்பு மட்டும்தான். கம்பெனிக்காரங்களே இப்ப ப்ரொடெக்டர், க்ளியர்னு பேர் போட்டு வெறும் கண்ணாடியா விக்கறாங்க, நிக்கான்ல அதுக்கு என்சின்னு பேரு. யூவின்னு போட்டிருந்தாலும் க்ளியர்னு போட்டிருந்தாலும் டிஜிட்டலுக்கு ரெண்டும் ஒண்ணுதான், எது நல்ல கோட்டிங்கோட (வெளிச்சம் திரும்பி அடிக்காம இருக்கப் பூசற மெல்லிய பூச்சு) கம்மி விலைக்குக் கெடைக்குதோ அதை எடுங்க. ஸ்கைலைட்னு ஒண்ணு பழைய கடைகள்ல கெடக்கும், அதுல லேசா ரோஸ் கலர் இருக்கும், அது வேணாம்.

ஸ்டெப் 2: எதுல இருந்து காப்பாத்தணும்னு யோசிங்க

பெரும்பாலானவங்க பயப்படறது ரெண்டு விஷயத்துக்கு, கீழ விழுந்துடுமோ, கீறல் விழுந்துடுமோ. ரெண்டுலயும் நாம நெனைக்கற அளவுக்கு ஃபில்டர் கை குடுக்காது.

கீழ விழற கதைய எடுத்துக்கோங்க. விழுந்துச்சு, ஃபில்டர் நொறுங்கிடுச்சு, லென்ஸ் தப்பிச்சுடுச்சு, "ஃபில்டர்தான்டா காப்பாத்துச்சு"ன்னு படம் எடுத்துப் போடுவாங்க. ஃபில்டர் கண்ணாடி ரொம்ப மெலிசு, சும்மா ஒரு இடிக்கே உடஞ்சுடும், லென்ஸோட முன் கண்ணாடி அதைவிட பல மடங்கு தடிமன், அந்த இடி நேரா அது மேல பட்டிருந்தாலும் பல நேரம் ஒண்ணும் ஆகியிருக்காது. இன்னும் சொல்லப்போனா உடஞ்ச சில்லு முன் கண்ணாடி மேல உரசிக் கீறல் போட்ட கேஸும் உண்டு. விழறப்ப லென்ஸுக்குள்ள அடி வாங்கறது வேற இடம், உள்ள இருக்கற எலிமென்ட் நகந்துடும், ஜூம் சிக்கிக்கும், கேமராவோட மாட்டற மவுண்ட் வளையும், இதுல எதையும் முன்னாடி இருக்கற ஒரு கண்ணாடித் துண்டு தடுக்கப் போறதில்ல. ஒரே ஒரு விஷயத்துல ஃபில்டருக்கு மார்க் குடுக்கலாம், ஓரமா விழுந்தா அடிய ஃபில்டரோட வளையம் வாங்கிக்கும், லென்ஸோட மரை நசுங்காம இருக்கும். ஆனா அதே வேலைய ஹுட் (லென்ஸ் நுனில மாட்டற கூடு) இன்னும் அழகா செய்யும். பிளாஸ்டிக் ஹுட் விழற வேகத்தை அதுவே வாங்கிக்கிட்டு வளைஞ்சோ உடஞ்சோ போகும், கூடவே பக்கவாட்டுல இருந்து வர்ற வெளிச்சத்தயும் தடுத்து படத்தை நல்லாக்கும். கல்யாண வீட்டுக் கூட்டத்துல யாரோட முழங்கையோ வந்து இடிச்சாலும் முதல்ல ஹுட்லதான் படும். நம்ம ஆளுங்க ஹுட்டைத் திருப்பி லென்ஸ் மேலயே கவுத்துப் போட்டுக்கிட்டு படம் எடுக்கறதப் பாத்தா எனக்கு நிஜமாவே கை பரபரங்கும். நேரா திருப்பி மாட்டுங்க, அது ஃப்ரீ.

கீறல் விஷயம் இன்னும் சுவாரசியம், இதை நீங்களே செஞ்சு பாக்கலாம். கறுப்பு இன்சுலேஷன் டேப்ல கடுகு அளவுக்கு ஒரு துணுக்கு வெட்டி ஃபில்டர் மேல ஒட்டுங்க (லென்ஸ் மேல ஒட்டாதீங்க, அதான் ஃபில்டர் இருக்கே). 50 எம்எம் லென்ஸ்ல எஃப் 1.8 வச்சு (அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் உள்ள வர்ற துளை, பெருசா இருக்கும்) ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கற யாரயாச்சும் எடுங்க. படத்துல அந்தத் துணுக்கைத் தேடித் தேடிப் பாருங்க, கெடைக்காது. அடுத்து கிட் லென்ஸ்ல (கேமராவோட சேந்தே வர்றது) 18 எம்எம் வச்சு எஃப் 22 போட்டு (துளை ரொம்பச் சின்னதாயிடும்) வெள்ளைச் சுவரை எடுங்க, இப்ப ஒரு மங்கலான கறை தெரியும். லென்ஸ் அவ்வளவு கிட்ட இருக்கறத ஃபோகஸ் பண்ணாதுங்கறதால முன் கண்ணாடில இருக்கற சின்னக் கீறல், தூசி எல்லாம் சாதாரணப் படத்துல வரவே வராது, வெளிச்சத்துக்கு எதிர வச்சு எடுக்கறப்ப மட்டும் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் கொறையும். பின்னாடி மவுண்ட் பக்கம் இருக்கற கண்ணாடில கீறல் விழுந்தா தான் சிக்கல் ஜாஸ்தி, அங்க எந்த ஃபில்டரும் கெடையாது, லென்ஸைக் கழட்டின உடனே பின் மூடிய போடற பழக்கம்தான் அதுக்கு மருந்து.

ஆனா விக்கப் போறப்ப கதை வேற. செகண்ட் ஹேண்ட்ல லென்ஸ் வாங்க வர்றவரு மொதல் வேலையா டார்ச் அடிச்சு முன் கண்ணாடியத்தான் பாப்பாரு, ஒரு மயிரிழைக் கோடு இருந்தாலும் விலையக் கொறைப்பாரு. ரெண்டு மூணு வருஷத்துல லென்ஸ் மாத்திக்கிட்டே இருக்கற ஆளுன்னா இதுவே ஃபில்டர் மாட்ட நல்ல காரணம்.

ஸ்டெப் 3: எங்க எடுக்கப் போறீங்க?

முடிவு இங்கதான் இருக்கு. வீட்டுக்குள்ள குழந்தைய எடுக்கறது, ஸ்டுடியோ, ஆஃபீஸ் ஃபங்ஷன், ஊர் சுத்தறப்ப சும்மா எடுக்கறது, இதுக்கெல்லாம் ஹுட் போதும், ஃபில்டர் தேவையில்ல. கைக்குழந்தை லென்ஸை நோண்டினா மட்டும் வேணும்னா மாட்டிக்கோங்க.

கடற்கரைனா கண்டிப்பா மாட்டுங்க. மெரினாவுல நின்னாலே கண்ணுக்குத் தெரியாம உப்புத் துளி காத்துல வந்து கண்ணாடில படியும், அதைத் துடைக்கத் துடைக்க இழுவும். தனுஷ்கோடில காத்து அடிக்கற நாள்னா மணலே பறந்து வந்து அடிக்கும், அங்க லென்ஸ் கண்ணாடிய வெறுமனே காட்டறது முட்டாள்தனம். ஜல்லிக்கட்டு வாடிவாசல் புழுதி, ஹோலிக் கலர்ப்பொடி, மஞ்சத்தண்ணி ஊத்தற விளையாட்டு, தீமிதில பறக்கற சாம்பல், எல்லாம் இதே லிஸ்ட்தான். கல்யாணத்துல அட்சதை, பன்னீர் இதெல்லாம் கூட துடைச்சா போயிடும், ஆனா ஹோமப் புகை இருக்கே, அதுல நெய்யும் எண்ணெயும் கலந்திருக்கும், மண்டபத்துல பக்கத்துலயே உக்காந்து ரெண்டு மணி நேரம் எடுத்தா கண்ணாடில பிசுக்குன்னு ஒரு படலம் படியும். அதை லென்ஸ் மேல தேச்சுக்கிட்டு இருக்கறதவிட ஃபில்டரைக் கழட்டிக் கழுவிக்கறது நிம்மதி.

யாரும் அவ்வளவா சொல்லாத ஒண்ணு, வெல்டிங், கிரைண்டிங் நடக்கற பட்டறைல படம் எடுக்கறது. பொறி சூடான இரும்புத் துகள், கண்ணாடில பட்டா அப்படியே ஒட்டி உருகிக் குழி போட்டுடும், துடைச்சா போகாது. இங்க ஃபில்டர் இல்லாம போகவே கூடாது, பழைய ஃபில்டரா இருந்தாலும் பரவால்ல. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம் கிட்ட வச்சு எடுக்கறதுக்கும் இதே தான்.

இன்னொரு கேஸ், மழை தாங்கற லென்ஸ் வச்சிருக்கறவங்க. கேனான்ல 17-40 எஃப் 4 எல், 16-35 எஃப் 2.8 எல் செகண்ட் வெர்ஷன் மாதிரி சில லென்ஸ்ல முன்னாடி ஃபில்டர் மாட்டினாத்தான் தூசி தண்ணி சீலிங் முழுசாகும்னு கேனானே சொல்லுது. ஏன்னா ஜூம் பண்றப்ப முன் கண்ணாடி வளையத்துக்குள்ளயே முன்னும் பின்னும் நகரும். அந்த மாதிரி லென்ஸ் இருந்தா விவாதமே வேணாம்.

இதுக்கு நேர் எதிரா சில லென்ஸ்ல மாட்டவே முடியாது. நிக்கான் 14-24 எஃப் 2.8 ஜி மாதிரி முன் கண்ணாடி முட்டைக்கண்ணு மாதிரி பிதுங்கி நிக்கற வைடு லென்ஸ், ஃபிஷ்ஐ, தூரத்தைக் கிட்ட இழுக்கற பெரிய 400, 600 டெலி லென்ஸ், இதுலல்லாம் முன்னாடி மரையே இருக்காது.

அப்புறம் விலை. கிட் லென்ஸ் 18-55 செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கெடைக்குது, அதுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு ஃபில்டர் வாங்கறதுல அர்த்தம் இல்ல, முன்னூறு ரூபா ஃபில்டர் மாட்டினா படம் கெடும், அதனால கிட் லென்ஸுக்கு ஹுட்டோட நிறுத்திக்கோங்கன்னுதான் சொல்வேன். கடல், புழுதினு அடிக்கடி போற ஆளா இருந்தா மட்டும் யோசிங்க. 24-70, 70-200 மாதிரி லட்சக் கணக்குல இருக்கற லென்ஸ்னா நல்ல ஃபில்டர் ஒண்ணு பையில இருக்கட்டும்.

ஸ்டெப் 4: சைஸ்

புதுசா வர்றவங்க அதிகமா தடுக்கி விழற இடம் இது. 18-55 எம்எம் லென்ஸ்னா 55 எம்எம் ஃபில்டர்னு நெனச்சு ஆர்டர் போட்டுடுவாங்க. அந்த 18-55 ஃபோக்கல் லெங்த், அதாவது லென்ஸ் எவ்வளவு அகலமா, எவ்வளவு கிட்ட இழுத்துக் காட்டும்ங்கற கணக்கு, ஃபில்டர் சைஸ் அது கிடையாது. லென்ஸ் முன்பக்க வளையத்துலயோ இல்ல மூடியோட உள்பக்கத்துலயோ பாருங்க, ஒரு வட்டம் போட்டு அதுல குறுக்கா ஒரு கோடு இழுத்த மாதிரி குறி இருக்கும், அது பக்கத்துல இருக்கற நம்பர்தான் சைஸ். கேனான் டிஎஸ்எல்ஆர் 18-55 கிட் லென்ஸுக்கு 58, நிக்கான்ல பழைய 18-55க்கு 52, ஏஎஃப்-பி மாடலுக்கு 55. கேனான் 50 எஃப் 1.8 எஸ்டிஎம்க்கு 49, நிக்கான் 50 எஃப் 1.8 ஜிக்கு 58. பெரிய 70-200 எஃப் 2.8 பெரும்பாலும் 77, 24-70 எஃப் 2.8 இப்ப வர்றது பல கம்பெனில 82. ஒரே பேர்ல வேற வேற மாடல் வேற வேற சைஸ்ல இருக்கறதால நான் சொன்னதையும் நம்பாம உங்க லென்ஸைப் பாத்தே வாங்குங்க.

ஸ்டெப்அப் ரிங் (சின்ன லென்ஸ்ல பெரிய ஃபில்டரை மாட்ட உதவற வளையம்) போட்டு ஒரே பெரிய ஃபில்டரை எல்லா லென்ஸுக்கும் மாட்டலாமான்னு கேப்பீங்க. சிபிஎல், என்டி (வெளிச்சத்தைக் குறைக்கற கறுப்புக் கண்ணாடி) இதுக்கெல்லாம் அது சூப்பர் ஐடியா. பாதுகாப்புக்கு மாட்டறதுக்கு சரிப்படாது, ஹுட் மாட்ட முடியாமப் போயிடும், ஹுட்டை விட்டுட்டு ஃபில்டரைப் புடிக்கறது தலைகீழ் வேலை.

ஸ்டெப் 5: வாங்கறது

விலை வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் கோட்டிங். கோட்டிங் இல்லாத சாதாக் கண்ணாடியோட ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், ரெண்டு பக்கமும் சேத்தா 8. அவ்வளவு வெளிச்சம் குறையறதுகூடப் பரவால்ல, அந்தத் திரும்பின வெளிச்சம் லென்ஸுக்குள்ள அங்கயும் இங்கயும் அலைஞ்சு படத்தை வெளுக்கடிக்கும், அதுதான் தலைவலி. நல்ல மல்டி கோட்டிங் இருந்தா ஒரு பக்கத்துக்கு அரை சதவீதத்துக்கும் கீழ வந்துடும்.

கடையிலயே பாக்கற வழி ஒண்ணு இருக்கு. ஃபில்டரை டப்பாவுல இருந்து எடுத்து மேல எரியற ட்யூப்லைட் பிம்பம் அதுல தெரியற மாதிரி சாய்ச்சுப் பிடிங்க. ட்யூப்லைட் பளிச்சுனு வெள்ளையா கண்ணாடில தெரியற மாதிரியே தெரிஞ்சா கோட்டிங் இல்ல, இல்லாட்டி பேருக்கு இருக்கு. மங்கலா, கரும்பச்சையாவோ ஊதாவாவோ தெரிஞ்சா மல்டி கோட்டிங் இருக்கு. ரெண்டு ஃபில்டரைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தீங்கன்னா சொல்லவே வேணாம், ஒண்ணு இருக்கறதே தெரியாது, இன்னொண்ணு மொகம் பாக்கற கண்ணாடியா இருக்கும். அப்படியே ஒரு வெள்ளைத் தாள் மேல வச்சுப் பாருங்க, மஞ்சளோ ரோஸோ அடிச்சா வேணாம்.

பேர்னு பாத்தா ஹோயா, கென்கோ, மருமி, பி ப்ளஸ் டபிள்யூ, நிசி இதெல்லாம் தெரிஞ்ச பேரு. ஆனா ஒரே கம்பெனியே பல ரேஞ்ச்ல விக்கும், கீழ் ரேஞ்ச்ல கோட்டிங் சுமாராத்தான் இருக்கும், அதனால பேரை மட்டும் பாக்காம "மல்டி கோட்டட்"னு இருக்கான்னு பாருங்க. பி ப்ளஸ் டபிள்யூல பல மாடல்ல வளையம் பித்தளைல வரும், அலுமினிய வளையத்தைவிட அது மரையில இறுகிச் சிக்கறது கம்மி. போலி ஃபில்டரும் மார்க்கெட்ல நிறைய இருக்கு, டப்பா அச்சு அசலா இருக்கும், உள்ள இருக்கறது ஜன்னல் கண்ணாடி. பில்லோட வாங்குங்க, விலை பாதிக்குப் பாதி கொறஞ்சிருந்தா சந்தேகப்படுங்க, அந்த ட்யூப்லைட் டெஸ்ட்டை விடாதீங்க. அமெரிக்காவுல லென்ஸ் வாடகைக்கு விடற லென்ஸ்ரென்டல்ஸ் கம்பெனியோட ரோஜர் சிக்காலா ஒரு தடவை அம்பது ஃபில்டரை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மாட்டி எடுத்துக் காட்டினாரு, படம் என்ன கதி ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க, ஆனா அதே மனுஷன் நல்ல ஃபில்டர் கொஞ்சத்தையும் மட்டமான ஃபில்டர் கொஞ்சத்தையும் தனித்தனியா அடுக்கிப் பாத்தப்ப வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சுது.

ஸ்லிம்னு போட்டது வைடு லென்ஸுக்கு நல்லது, தடிமனான வளையம் மூலைல இருட்டடிக்கும். சில ஸ்லிம்ல முன்பக்கம் மரை இருக்காது, லென்ஸ் மூடி நிக்காம விழுந்துக்கிட்டே இருக்கும், அதையும் பாத்துக்கோங்க.

ஸ்டெப் 6: வீட்ல வச்சு சோதிங்க

ரிட்டர்ன் பண்ற நாள் முடியறதுக்குள்ள இதைச் செஞ்சுடுங்க. ட்ரைபாட்ல கேமராவை வச்சு, ஜூமை முழுசா இழுத்து, அப்பர்ச்சரை முழுசாத் திறந்து, நியூஸ் பேப்பரைச் சுவத்துல ஒட்டி ஃபில்டரோட ஒண்ணு, இல்லாம ஒண்ணு எடுங்க. ரெண்டு தடவையும் புதுசா ஃபோகஸ் பண்ணுங்க. கம்ப்யூட்டர்ல 100 சதவீதம் பெருசாக்கி எழுத்தோட ஓரத்தைப் பாருங்க, நல்ல ஃபில்டர்னா எது எதுன்னு உங்களால சொல்ல முடியாது. டெலி லென்ஸ்லதான் மட்டமான ஃபில்டரோட குட்டு வெளிப்படும், கண்ணாடி துளி சமமா இல்லாட்டியும் 300 எம்எம்ல படம் மசமசன்னு வரும், ஃபோகஸும் தடுமாறும். வேடந்தாங்கல் போய் பறவை எடுத்துட்டு வந்து "என் லென்ஸ் ஷார்ப்பா இல்ல"ன்னு புலம்பறவங்ககிட்ட நான் மொதல்ல கேக்கற கேள்வியே முன்னாடி என்ன மாட்டியிருக்கீங்கன்னுதான்.

அடுத்த டெஸ்ட்டுக்கு ரூமை இருட்டாக்குங்க. மொபைல் டார்ச்சை ஆன் பண்ணி ரூம் கோடில வச்சு, அது ஃப்ரேம்ல இடது மேல் மூலைல வர்ற மாதிரி எடுங்க. இப்ப வலது கீழ் மூலையப் பாருங்க.

ஸ்டெப் 7: எப்போ கழட்டணும்

அந்த வலது கீழ் மூலைல பச்சையாவோ வெள்ளையாவோ ஒரு புள்ளி தெரிஞ்சுதுன்னா அதுதான் கோஸ்ட். பிரகாசமான வெளிச்சம் லென்ஸ் வழியா சென்சார்ல விழுது, சென்சார் அதுல கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புது, அது லென்ஸ் வழியாவே வெளிய வந்து தட்டையா இருக்கற ஃபில்டர்ல பட்டு மறுபடி உள்ள போகுது. போற வழில படம் தலைகீழா மாறிடறதால நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்துல வந்து உக்காருது. லென்ஸோட முன் கண்ணாடி வளைஞ்சு இருக்கறதால அதுல பட்ட வெளிச்சம் சிதறிடும், ஃபில்டர் தட்டைங்கறதாலதான் இவ்வளவு தெளிவா பிம்பம் விழுது.

கார்த்திகை தீபத்தன்னைக்கு இதை நல்லாப் பாக்கலாம். இருட்டுல வரிசையா அகல் விளக்கு வச்சு எடுத்தா கீழ இருக்கற விளக்கு வரிசை ஒண்ணு, மேல இருட்டுல தலைகீழா மங்கலா மிதக்கற சுடர் வரிசை இன்னொண்ணு. ஏதோ அதிசயம்னு நெனச்சு அனுப்பறவங்களும் உண்டு. ராத்திரி பஸ் ஸ்டாண்டு, கோயில் கோபுர சீரியல் லைட், ரிசப்ஷன் மேடைல நேரா லென்ஸைப் பாக்கற எல்இடி லைட், நிலா, சூரிய உதயம், எல்லாத்துலயும் இதே தொல்லை. நல்ல கோட்டிங் இருந்தா கொறையும், முழுசாப் போகாது. அதனால ராத்திரி வெளிச்சம் ஃப்ரேம்ல இருந்தா கழட்டிடுங்க, இதுல மட்டும் நான் ரொம்பக் கறாரு. எடிட்டிங்ல ஒரு சுடரை அழிக்கலாம், மாப்பிள்ளை முகத்து மேல விழுந்த லைட் புள்ளிய அழிக்க உக்காந்தா விடிஞ்சுடும்.

தீபாவளிக்கு? கிட்ட வச்சு எடுக்கற மத்தாப்புக்கு பொறி பயத்துல மாட்டிக்கிட்டு கோஸ்ட்டைப் பொறுத்துக்கோங்க. வானத்துல வெடிக்கற ராக்கெட்டுக்கு கழட்டிடுங்க.

சிபிஎல்லோ என்டியோ மாட்டறப்பவும் யூவியக் கழட்டிட்டு மாட்டுங்க, ஒண்ணு மேல ஒண்ணு போட்டா வைடுல மூலை இருட்டாகும், ரெண்டும் சிக்கிக்கிட்டா பிரிக்க நாக்கு தள்ளும். ஏசி மண்டபத்துல இருந்து வெளிய புழுக்கத்துக்கு வந்ததும் கண்ணாடில ஆவி புடிக்கும், ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவுல ஈரம் புடிச்சா போக நேரம் ஆகும், அவசரப்பட்டுத் துடைக்காம வெளிய வர்றதுக்கு முன்னாடியே பைய மூடி கொஞ்ச நேரம் விடுங்க, சூடு சமமாகட்டும். பூஞ்சைய ஃபில்டர் தடுக்கும்னு ஒரு பேச்சு இருக்கு, அப்படி எதுவும் இல்ல. கடலோர ஊர் ஈரத்துக்கு ட்ரை பாக்ஸ் வாங்குங்க, இல்லாட்டி மூடி இறுக்கமா இருக்கற டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வச்சுக்கோங்க.

ரெண்டு விஷயத்துக்கு மட்டும் ஃபில்டரை நம்பிடாதீங்க. டிஜே நிகழ்ச்சில அடிக்கற லேசர் நேரா லென்ஸுக்குள்ள வந்தா சென்சார்ல கோடு கோடா எரிஞ்சுடும், யூவி ஃபில்டர் அதைத் தடுக்காது. சூரிய கிரகணமும் அப்படித்தான். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம் கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் முழு வளையமாத் தெரிஞ்சுது, அந்த மாதிரி எடுக்கணும்னா அதுக்குன்னே விக்கற சோலார் ஃபில்டர் வேணும், அது இல்லாம வ்யூஃபைண்டர்ல பாத்தா கண்ணே போயிடும்.

ஸ்டெப் 8: துடைக்கறது, சிக்கினா எடுக்கறது

மொதல்ல ப்ளோயரால ஊதுங்க, அப்புறம் மெத்துன்னு இருக்கற பிரஷ், கடைசியாத்தான் மைக்ரோஃபைபர் துணி, நடுவுல ஆரம்பிச்சு வட்டமா வெளிய. மண் துகள் மேல துணிய வச்சுத் தேச்சா அதுதான் கீறல். சட்டை நுனி, கர்ச்சீப், முந்தானை எதுவும் கிட்ட வரக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு, உப்பு படிஞ்ச ஃபில்டரை லென்ஸ்ல இருந்து கழட்டி, குழாயடியில காட்டி, பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு விட்டு விரலால மெதுவாத் தேச்சுக் கழுவி, துணியால ஒத்தி எடுத்துடலாம். லென்ஸை இப்படிக் கழுவ முடியாது பாருங்க, எனக்கு ஃபில்டர்ல புடிச்சதே இதுதான். காஞ்சப்புறம் மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரு ஊது ஊதுங்க.

மாட்டறப்ப இறுக்காதீங்க, தடுக்கற வரைக்கும் திருகினாப் போதும். கடற்கரைல மாட்டின ஃபில்டரை அங்கயே கழட்டாம வீட்டுக்கு வந்து மரைய பிரஷ்ஷால தட்டிட்டுக் கழட்டுங்க, ஒரு மணல் துகள் மரைக்குள்ள போனாலும் கரகரன்னு சிக்கிக்கும். சிக்கிடுச்சுன்னா விரலால அழுத்திப் பிடிச்சுத் திருக்கறதுதான் எல்லாரும் பண்றது, அழுத்த அழுத்த வளையம் முட்டை வடிவமா நெளிஞ்சு இன்னும் இறுகும். வளையத்தைச் சுத்தி அகலமான ரப்பர் பேண்டைச் சுத்திக்கிட்டு, இல்லாட்டி பாத்திரம் தேய்க்கற ரப்பர் க்ளவுஸ் போட்டுக்கிட்டு, சுத்திலும் எல்லா விரலாலயும் லேசாப் பிடிச்சு இடதுபக்கமா திருப்புங்க. ஃபில்டர் ரெஞ்சுன்னு பிளாஸ்டிக் வளையம் ஜோடியா விக்கறாங்க, விலை கம்மிதான், ஒண்ணு பையில கெடக்கட்டும்.

ஃபில்டர் உடஞ்சுடுச்சுன்னா பதறித் துடைக்காதீங்க. கேமராவை ஆஃப் பண்ணி, லென்ஸ் தரையப் பாக்கற மாதிரி கவுத்துப் பிடிச்சு, ப்ளோயரால கீழ இருந்து மேல ஊதுங்க, சில்லு தானா உதிரும். ஒட்டிக்கிட்டு இருக்கறத பிரஷ்ஷால தட்டி விடுங்க, விரல் வேணாம், வெட்டிடும். எல்லாம் போனப்புறம் அதே மாதிரி கவுத்துப் பிடிச்சபடியே வளையத்தைத் திருகிக் கழட்டுங்க. வளையம் நசுங்கி மரையோட சேந்து மாட்டிக்கிச்சுன்னா கட்டிங் ப்ளேயர் வச்சு இழுக்கற வேலையெல்லாம் செய்யாம, ஒரு துணில சுத்தி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போயிடுங்க.